தெருநாய் வீட்டுநாய் ஆகும் காலம்: வில்லியனூர், பாகூர்க் கிராமங்களை முன்வைத்து

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினோரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டதும் ஆளைப் பாய்ந்து கடிப்பதும் மட்டும் விலக்கு. அடைப்பதா விடுவதா என்று டீக்கடை வரைக்கும் வாக்குவாதம் நடந்ததில், அதே உத்தரவில் இருந்த இன்னொரு பத்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. விருப்பமுள்ளவர் விண்ணப்பம் கொடுத்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். நாய்க்கு அடையாளம் இடப்படும். அது திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவருடைய பொறுப்பு.

இந்தக் கடைசி நிபந்தனை அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பொருந்தும். கதவைச் சாத்தினால் வீடு, திறந்தால் வெளி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வீடு எங்கே முடிந்து தெரு எங்கே தொடங்குகிறது? கோலம் போடும் வாசலே தெருவில்தான் இருக்கிறது. நெல் காய்வது தார்ச்சாலையில். மாடு கட்டியிருப்பது எதிர்ச்சாரிப் புளியமரத்தடியில். திண்ணையில் சாய்ந்திருப்பவர் வீட்டுக்காரராகவும் இருக்கலாம், பேருந்துக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரராகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாயை வீட்டோடு சேர்த்துப் பழக்குவது என்றால் என்ன என்பதுதான் இங்கே கேள்வி. நாய் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மூடிய வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தனி அறை கொடு, கூண்டில் தூங்கப் பழக்கு, பட்டை மாட்டி நடக்கக் கூட்டிப்போ என்று அது சொல்லும். அதில் எது இங்கே செல்லும், எது செல்லாது, எதற்கு ஊரிலேயே பழைய வழி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்துசேரும் நாய்களில் அதிகம் பொட்டைக் குட்டிதான். தெருவில் ஒரு நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிக்கு ஆள் வந்துவிடும். பொட்டையை யாரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும், ஆறேழு போடும், யார் பார்ப்பது? சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இதற்கடுத்து வருவது கடலூர் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் வண்டியில் அடிபட்டதைத் தூக்கிவந்து மருந்து போட்டு வைத்துக்கொண்டது. நகரத்து வீட்டில் வளர்த்துச் சலித்து ஊருக்கு வெளியே இறக்கிவிட்ட பொமரேனியனும் லேப்ரடாரும் சமீப காலத்து வரவு. ஆரோவில் பக்கமோ நகரத்திலோ உள்ள காப்பகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு முறையாக எடுத்துவருகிறவர்கள் குறைவு. ஆக, கிராமத்தில் தத்து என்பது பெரும்பாலும் தீர்மானித்துச் செய்வதல்ல. வந்துவிட்டது, என்ன செய்வது என்பதுதான்.

குட்டியாக வந்ததற்கும் வளர்ந்து வந்ததற்கும் வித்தியாசம் பெரிது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவில் இருபது ஆண்டு நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட நூல் இன்றைக்கும் அடிப்படை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதற்குப் பின்னால் பயப்படாது என்பது அவர்கள் கண்டது. இந்தக் கணக்கில் நம் கிராமத்துக் குட்டிக்கு ஒரு வசதி இருக்கிறது. மாடு, கோழி, டிராக்டர், ஒலிபெருக்கி எல்லாம் அது கண் திறந்த நாளிலிருந்து பார்ப்பவை. ஒரு கேடும் இருக்கிறது. கண் திறந்த கையோடு தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுகிறோம். எட்டு வாரம் தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருந்த குட்டிக்குத்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பது தெரிந்திருக்கும். அதற்கு முன் வந்தது பிள்ளைகளின் கையை விளையாட்டாகக் கடித்து ரத்தம் வரவைக்கும்; வீட்டில் அதற்கு அடி விழும்; பயந்த நாய் ஒன்று உருவாகும்.

வளர்ந்த தெருநாய் வேறு ரகம். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ராவின் குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழு மாத வயதைத் தொட்டது ஐந்தில் ஒன்றுகூட இல்லை. செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதரால் வந்த சாவு. அப்படியென்றால், நம் திண்ணையோரம் ஒதுங்கும் ஒரு வயது நாய், கூடப் பிறந்ததை எல்லாம் பறிகொடுத்துவிட்டு, மனிதனிடம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கற்றுத் தேர்ந்த நாய். அதே குழு 2017இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சுவையானது. அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்பத் தீனி போட்டதைவிட, திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்ததில்தான் தெருநாய்களுக்கு நம்பிக்கை வளர்ந்தது. பிஸ்கட் பாக்கெட்டோடு அலையும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் தடவும் கையை அது அனுமதிக்கும் வரை காத்திருக்கத் தெரிய வேண்டும்.

முதல் நாட்களைப் பற்றிச் சொல்லும்போது காப்பகக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகும். இது ஆய்வு முடிவு அல்ல, அனுபவக் கணக்கு. முதல் மூன்று நாளுக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு: அமெரிக்காவில் மைக்கேல் ஹெனஸி குழு 1997இல் காப்பகத்துக்குப் புதிதாக வந்த நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் முதல் மூன்று நாளும் உயர்ந்திருந்து பிறகு இறங்கியது. புதிய இடம் என்பதே உடம்புக்கு ஒரு பாரம்.

பாகூர்க் கொம்யூனில் (புதுச்சேரியில் உள்ளாட்சி வட்டாரத்துக்குக் கொம்யூன் என்று பெயர்) ஒரு வீட்டில் இந்த முதல் நாட்கள் கழிந்த விதம் நினைவில் நிற்கிறது. கிருமாம்பாக்கம் பக்கம் வண்டியில் அடிபட்ட செவலைப் பொட்டை. பின்னங்கால் ஆறியதும் வீட்டோடு வைத்துக்கொள்வதென்று முடிவானது. அது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், சுவருக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்துக்கொண்டது. பிள்ளைகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் எட்டிப் பார்த்தார்கள். அந்த வீட்டு ஆயாதான் அவர்களை விரட்டியது. "அத்தயே பாக்காதீங்கடா. அது பாட்டுக்குத் துன்னட்டும்." ஆயா மாடு கறந்து முடித்ததும் ஈயத்தட்டில் சோற்றைப் போட்டு, கொட்டகை முனையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடும். தட்டு ஒவ்வொரு நாளும் ஒரு சாண் வீட்டுப் பக்கம் நகர்ந்தது. தட்டு திண்ணைப் படிக்கு வந்தபோது நாயும் வந்திருந்தது. ஹெனஸியையோ கொல்கத்தா ஆய்வையோ அறியாத கிழவி, கண்ணைப் பார்க்காதே, நேரம் தவறாதே, நீ போகாதே அதை வரவிடு என்ற மூன்றையும் மாட்டிடமும் கோழியிடமும் கற்றுவைத்திருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பயந்த நாய் யாரும் பார்க்காதபோது ராத்திரியில் தின்னும். நோயுற்ற நாய் ராத்திரியிலும் தின்னாது. காலையில் தட்டு அப்படியே இருந்தால், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். சிவப்பு போய் வெளுத்திருந்தால் அது கூச்சமல்ல, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாயுண்ணி வழியாக ரத்தத்தில் புகும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகள் நம் பக்கத்துத் தெருநாய்களிடம் சாதாரணம். முன்னதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வாரக்கணக்கில் கொடுத்தால் கேட்கும். கண்டுபிடிக்கத் தாமதித்தால் மூக்கில் ரத்தம் வரும். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் உண்ணி போகாது. பெண் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் நாயைவிட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் திண்ணை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மருந்து நாய்க்கும் வேண்டும், திண்ணைக்கும் வேண்டும்.

சங்கிலி என்ற விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் கிராமத்துத் தத்தில் பாதி இங்கேதான் கெடுகிறது. தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று நாயைக் கொண்டுவந்த அன்றே கட்டிவிடுகிறார்கள். கட்டுவதில் தப்பில்லை. அவிழ்ப்பதே இல்லை என்பதுதான் தப்பு. நாலடிச் சங்கிலியில் வேப்பமரத்தடியில் வருஷக்கணக்கில் கிடக்கும் நாயைப் பார்க்காத தெரு இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கிறது. ஓட வழியில்லாத நாய்க்கு மிச்சமிருப்பது பாய்வது ஒன்றுதான். அதைக் காவல் என்று வீட்டுக்காரர் பெருமைப்படுகிறார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதை வதை என்றே சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். அந்தக் காலத்து ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு இரண்டு பேருக்கு டிபன் வராது.

அவிழ்த்தால் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. போன நாய் பழைய இடத்துக்கே நடந்துவிடும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. முதல் சில வாரம் கட்டு வேண்டும். ஆனால் கட்டுவதில் வகை உண்டு. கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே துணிக்கொடி போலத் தலைக்கு மேல் கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்து, வளையத்திலிருந்து கயிறு விட்டால் நாய் கம்பியின் நீளத்துக்கு ஓடலாம். கடலோரக் கிராமங்களில் கத்தரிப் பாத்திக்குக் கோழி வராமல் பழைய மீன்வலையை வேலியாகக் கட்டுகிறார்கள். அதே வலை கொல்லைக்கு இரட்டிப்பாகக் கட்டினால் குட்டி நாய்க்குப் போதும், வளர்ந்ததற்கு அடியில் கல் வைத்து அழுத்த வேண்டும். அவிழ்க்கும் நேரம் முக்கியம். சாப்பாட்டுக்குச் சற்று முன் அவிழ்த்தால் பசி அதைத் திரும்பக் கொண்டுவரும். சாப்பிட்டு முடித்ததும் அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே தெருமுனை வரை ஓடியவர்கள் பலர். கழுத்துப்பட்டையில் ஒரு கைப்பேசி எண் எழுதிவைப்பதை நம் ஊரில் யாரும் செய்வதில்லை. கலர் பெயின்ட்டில் எழுதினாலே போதும்.

வெளியில் இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் நாய்கள் உண்டு, அவற்றுக்கு எல்லை உண்டு. குப்பைமேடு, கோழிக்கறிக்கடை, சோறு போடும் வீடு என்று பங்கு பிரித்துவைத்திருக்கின்றன. வெளித்தெரு நாய் உள்ளே வந்தால் கிழித்துவிடும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் அதற்கு முந்தைய 2001 விதிகளும் சொல்வதன் காரணமும் இதுதான்: ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டால் காலி இடத்துக்கு ஊசி போடாத இன்னொரு கூட்டம் வரும். தத்தெடுக்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வேறு ஊர் நாயைக் கொண்டுவருவது, தெரு நாய்கள் அத்தனையோடும் ஒரு தகராறைக் கொண்டுவருவது. முதல் வாரங்களில் அதைத் தெருவில் தனியே விடக் கூடாது. கயிறு பிடித்து, தெருநாய்களில் சாந்தமானது எதுவோ அதன் கண்ணில் தூரத்திலிருந்து படும்படி நடத்திக் கொண்டுபோவது, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துப் போவது, இருபுறமும் மூக்கு அறிமுகமாகும் வரை பொறுப்பது என்று போக வேண்டும். நேருக்கு நேர் முகத்தோடு முகம் கொண்டுபோய் நிறுத்தி 'பழகிக்கோ' என்பது சண்டை மூட்டுவது.

என்னைக் கேட்டால், கிராமத்தில் தத்தெடுக்கச் சிறந்த நாய் உங்கள் தெருவிலேயே இருக்கிற நாய். ஏற்கெனவே வாசலில் படுக்கிறது, வீட்டு வண்டிச் சத்தத்துக்கு எழுந்து வாலாட்டுகிறது, பக்கத்து வீட்டுக் கோழியைத் தொடாது, சாவு மேளத்துக்கு மிரளாது, தெருவில் அதற்கு விரோதி இல்லை. பழக்க வேண்டியதில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது பெயர், ஊசி, கருத்தடை, மழைக்கு ஒதுங்க இடம், கடித்தால் என் நாய் என்று ஒப்புக்கொள்ள ஒரு ஆள். 'எல்லாரும் சோறு போடுகிறோம்' என்று பத்து வீடு பகிர்ந்துகொள்ளும் நாய் நம் கிராமங்களில் எப்போதும் இருந்தது. அதற்குச் சோற்றுக்குத் தட்டுப்பாடில்லை. ஊசிக்குக் கூட்டிப்போக மட்டும் பத்து வீட்டில் ஒரு வீடு இல்லை. சட்டம் கேட்கும் பொறுப்பு இங்கே அந்த ஒரு வீடாக இருக்க முடியும். நாய் தெருவில் கால் வைக்கக் கூடாது என்பதாக இருக்க முடியாது.

பெயர் என்றதும் ஒரு பழைய நாய் ஞாபகம் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். அவன் காலடியில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது, நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். நம் தெருக்களில் இன்றைக்கு மணி, டைகர், ஜிம்மி, டாமி. எந்தப் பெயரானாலும் நாய்க்கு ஒன்றுதான். வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிடாமல் இருந்தால் சரி.

கோழி. ஒரு கோழியை அடித்துவிட்டால் கிராமத்தில் தத்து அன்றோடு முடிந்தது. பக்கத்து வீட்டுக் கோழியானால் சண்டை, பஞ்சாயத்து, விலை. ரத்தம் ருசி கண்டுவிட்டது, இனி நிற்காது என்பார்கள். ருசியைவிடப் பெரிய காரணம், கோழி ஓடுகிறது. ஓடுவதைத் துரத்தும் குணம் நாய்க்குப் பிறவி. சோறு போட்டபின், கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழி மேயும் இடத்தில் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதுதான் வழி. பார்வை கோழியிலிருந்து நம் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு துண்டு. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வைத்தியம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது நாய்க்கு எதையும் கற்றுத்தராது, புழு வைக்கும். துரத்துவதை நிறுத்தவே செய்யாத நாய்களும் உண்டு. வேட்டைச் சாதி ரத்தம் கலந்தது, சிப்பிப்பாறை போல ஒடிசலாக நீளக் காலோடு இருப்பது, கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஒத்துவராமல் போகலாம். அதை முன்னாலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் நகரத்து அறிவுரை நம்மைக் குற்றவாளி ஆக்கும். சோறு நாய்க்கு ஆகாது, பாக்கெட் தீனிதான் ஆகும் என்று. 2013இல் எரிக் அக்செல்சன் தலைமையில் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டபோது, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்க்குப் பல படிகளாகப் பெருகியிருப்பது தெரிந்தது. மனிதனின் தானியத்தைத் தின்று நாயானதுதான் நாய். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில் நாய் சோறு தின்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வெறும் சோறு போதாது என்பதுதான் விஷயம். முட்டை, வேகவைத்த கோழிக்கழிவு, மீன்தலை ஏதாவது தினமும் சேர வேண்டும். குழம்புச்சோறு கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழியெலும்பு குச்சி குச்சியாக உடைந்து குடலைக் குத்தும். விருந்து முடிந்த மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்கு வரும் நாய்களின் கதை பெரும்பாலும் இலையில் மீந்ததில் தொடங்குகிறது.

மாட்டாஸ்பத்திரி என்பது இங்கே வாய்ப்பேச்சுப் பெயர்தான்; கொம்யூன்களில் உள்ள அரசுக் கால்நடை மருந்தகங்களில் நாய்க்கும் பார்ப்பார்கள். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. குரும்பாபட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இருக்கும் தெருநாய்கள் இந்தியாவில் அதிகமில்லை. அப்படியிருந்தும் முதல் வாரத்தில் நாயைக் கூட்டிப்போகிறவர்கள் குறைவு. காரணம் பணமல்ல, எப்படிக் கொண்டுபோவது என்பது. புதிதாக வந்த நாயை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நிறுத்திப் போக முடியாது. சாக்கில் கட்டிப் போனால் அதுவரை சேர்த்த நம்பிக்கை போச்சு. கூடையிலோ பழைய மீன் டப்பாவிலோ இரண்டு நாள் சோறு வைத்துப் பழக்கி, பிறகு ஆட்டோ பிடிப்பது ஒரு வழி.

குட்டிக்கு முதல் ஆபத்து பார்வோ. 1978வாக்கில்தான் உலகம் கண்டுகொண்ட வைரஸ் அது. வாந்தி, ரத்தபேதி, இரண்டு மூன்று நாளில் சாவு. மண்ணில் மாதக்கணக்கில், ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். "எங்க வீட்டுக்கு நாய் ராசியில்ல, வந்ததெல்லாம் செத்துப்போவுது" என்று சொல்லும் வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ராசி அந்தக் கொல்லை மண்ணில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி போடாத குட்டியைக் கொண்டுபோகக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை தவணை ஊசிகளை முடித்ததையோ, வளர்ந்ததையோ எடுத்துக்கொள்ளலாம்.

வெறிநோயைப் பற்றி இரண்டு தலைமுறைக்கு இரண்டு விதமான ஞாபகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004இன் இறுதியோடு விட்டுவிட்டது. இப்போது தோளில் போடுகிறார்கள். தோலுக்குள்ளேயே போடும் முறையில் கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அதற்கும் முன்னால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுவது, ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுதும் எடுத்த கணக்கெடுப்பின்படி ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடி, ஏறக்குறைய 5,700 வெறிநோய்ச் சாவு. வெறிநோய்ச் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தத்தெடுத்த வீட்டில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. வந்த அன்றே ஊசி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வருவதற்கு முன்பே வேறொரு நாய் அதைக் கடித்திருந்தால் கிருமி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளே மறைந்திருக்கும். பிறகு போட்ட ஊசி அதைத் தடுத்துவிடும் என்று உறுதியில்லை. ஆகவே முதல் மாதங்களில் சின்னப் பல் பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். நம்ம நாய்தானே என்று மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

சத்தத்துக்கு நாய் ஓடிப்போவதுதான் முதல் ஆண்டில் அடிக்கடி நடப்பது. தீபாவளி தெரிந்த நாளில் வரும். சாவு சொல்லிக்கொண்டு வராது. வேட்டும் பறையுமாகப் பாடை திடீரென்று தெருவுக்குள் வரும்போது வெளியூரிலிருந்து வந்த நாய் கண்மண் தெரியாமல் வயல்வெளிக்கு ஓடும். கரும்புத் தோட்டத்தில் எலிக்கு வைத்த மருந்து, வரப்பில் கண்ணாடி விரியன். தப்பட்டை தூரத்தில் கேட்டதும் நாயை மாட்டுக்கொட்டகையின் உள்மூலையிலோ குளியலறையிலோ சேர்த்துவிடுவது என்று வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வில்லியனூர்த் தேரோட்டம் போன்ற திருவிழாவுக்கு முன்னேற்பாடு சுலபம், நாள் தெரியும்.

மழைக்காலம் இந்தப் பகுதிக்கே உரிய கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் நாற்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, பாகூர்க் கிராமங்களுக்குள் புகுந்தது. ஆட்களைப் படகில் ஏற்றும் அவசரத்தில் நாய்க்கு இடம் கேட்க யாருக்கும் வாய் வராது. குறைந்தபட்சம் கட்டை அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அவிழ்த்த நாய் வைக்கோல் போரிலோ மாடிப்படியிலோ ஏறிவிடும். சங்கிலியில் இருப்பது தண்ணீர் ஏற ஏற நின்ற இடத்தில் நிற்கும்.

நாயை யார் கேட்டார்கள், யார் பார்க்கிறார்கள் என்பது எந்த அறிவுரையிலும் வராத விஷயம். கேட்டது பிள்ளை. சம்மதித்தது அப்பா. சோறு போடுவது, பீ அள்ளுவது, கொட்டகை கழுவுவது, மாத்திரையைச் சோற்றில் உருட்டிக் கொடுப்பது அம்மாவோ ஆயாவோ. நடுவீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்ற ஆசாரமும் பல வீடுகளில் அவர்களிடம்தான் உறுதியாக இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டியதில்லை. சாமி மூலைக்கு வராதே, சமையற்கட்டுக்கு வராதே, திண்ணையும் கொல்லையும் உன்னுடையது என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் நாய் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும். மகன் உள்ளே கூப்பிடுவான், பாட்டி துடைப்பத்தால் விரட்டும் என்றிருக்கிற வீட்டில்தான் நாய் குழம்பிப்போகிறது.

கருத்தடைக்கு நம் மண்ணிலேயே வரலாறு உண்டு. 1959இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, மாநகராட்சி நாய்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1964இல், கருத்தடை செய்து விடும் வேலையை ஆரம்பித்தது. கொல்வது பயனில்லை என்று மாநகராட்சி ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கொம்யூன் பஞ்சாயத்துகளில் இந்த வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் கேட்க ஆள் வேண்டும். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். 2011இல் பதவிக்காலம் முடிந்தபின் வார்டு உறுப்பினர் என்று கதவைத் தட்ட யாரும் இல்லை, ஆணையருக்கு மனுதான். அதனால் வீட்டுக்கு எடுத்த பொட்டைக்கு முதல் பருவம் வருவதற்குள் அறுவை செய்வது, செலவானாலும், எடுத்தவர் கையில் இருக்கிறது. செய்யாத வீட்டு வாசலில் கார்த்திகை மாதம் பத்து ஆண் நாய் நின்று அடித்துக்கொள்ளும். அறுபத்து மூன்று நாள் கழித்து ஏரிக்கரைக்கு ஒரு சாக்கு போகும்.

ஒத்துவராமல் போவதும் உண்டு. மூன்று மாதமாகியும் கிட்ட வராதது, வீட்டுப் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கடிப்பது, கோழியை விடாதது. அந்த நாயை இரவோடு இரவாக வேறு ஊர் எல்லையில் இறக்கிவிடுவதுதான் வழக்கமாகியிருக்கிறது. சட்டப்படி அது வதை. அங்குள்ள நாய்கள் அதை என்ன செய்யும் என்பது மேலே சொன்னதுதான். காப்பகத்தில் எடுத்ததானால் அவர்களிடமே திருப்பிக் கொடுக்கலாம், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். தெருவிலிருந்து எடுத்ததானால் எடுத்த தெருவிலேயே, ஊசியும் கருத்தடையும் முடித்து, பழைய கூட்டத்தோடு விட்டுவிட்டு, நேரத்துக்கு ஒரு தட்டுச் சோறு கொண்டுபோய் வைக்கலாம்.